கேள்வி கேட்காத தொட்டில்

1992ல் நாமகிரிப்பேட்டை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1ல். இதை முதல்லயே சொல்லக் காரணம் இருக்கு. பெண் சிசுக்கொலைன்னு பேச்செடுத்தாலே நம்ம மனசு நேரா உசிலம்பட்டிக்குப் போயிடும். ஆனா ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது ஒன்றுபட்ட சேலத்தில். மஞ்சளுக்கும் நாதஸ்வரம் கிருஷ்ணனுக்கும் பேர்போன இந்தப் பேட்டையும், பக்கத்து ராசிபுரமும், கொல்லிமலையும் எல்லாம் அந்த மாவட்டம்தான்.

ஏன் சேலம்? 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பஞ்சம் வந்த ஊர் இல்லை இது. கைத்தறி, லாரி, மரவள்ளி, கோழிப்பண்ணைன்னு காசு புழங்கிய சீமை.

திட்டம் எளிமையானது. ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காப்பகங்களிலும் ஒரு தொட்டில். வேண்டாத குழந்தையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். பேர், ஊர், சாதி எதுவும் யாரும் கேட்க மாட்டார்கள். கள்ளிப்பாலுக்குப் பதில் தொட்டில்.

கேட்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் உயிர். கேட்டால் தாய் வரமாட்டாள். ஆனா ஒரு குழந்தை அரசின் கைக்கு வந்த பிறகு நடப்பதெல்லாம் கேள்விகளால் ஆனதாக இருக்கணும். எடை எவ்வளவு, ஊசி போட்டாச்சா, எந்தக் காப்பகத்தில் இருக்கு, யாருக்குத் தத்துப் போச்சு, போன வீட்டில் எப்படி இருக்கு? தாயிடம் கேட்காதே, நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டே இரு. இந்த இரண்டையும் ஒரே அலுவலகம் செய்யணும். அரசு வெளியில் சொன்ன கணக்கு பெரும்பாலும் முதல் படியோடு நின்றது: இத்தனை குழந்தைகள் தொட்டிலுக்கு வந்தன. வந்த எண்ணிக்கை சாதனைன்னா, ஒரு குழந்தையைத் தாயோடயே இருக்க வைத்தது எந்தப் பதிவேட்டில் ஏறும்? 1996ல் ஆட்சி மாறினதும் திட்டம் சுணங்கியது. 2001ல் திரும்ப உயிர் பெற்று மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் போனது.

சோதனை முறையே நாட்டில் இல்லாமலா இருந்தது? இருந்தது. அனாதைக் குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போவதில் முறைகேடுன்னு ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாகி, 1984ல் லட்சுமிகாந்த் பாண்டே தீர்ப்பாக வந்தது. குழந்தையைப் பற்றி ஓர் அறிக்கை, தத்தெடுக்கும் வீட்டைப் பற்றி ஓர் அறிக்கை, இரண்டையும் தத்துக் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத மூன்றாவது அமைப்பு ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சொல்லணும். செய்கிறவனே தன் வேலைக்கு மார்க் போடக்கூடாது என்பது இந்தத் துறைக்குள் அழுத்தமாக நுழைந்தது அப்போதுதான்னு நினைக்கிறேன். ஆனா அது வெளிநாட்டுத் தத்துக்கு. உள்ளூரில் 1956ன் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி ‘கொடுத்தேன், வாங்கினேன்’ போதும். வீட்டை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிட்டா தத்து முடிஞ்சதுன்னு நம்புற ஆட்கள் இன்னைக்கும் நம்ம பக்கம் உண்டு.

2015ன் இளைஞர் நீதிச் சட்டம் தாளில் நல்ல வலை. காப்பகங்கள் பதிவு செய்யணும். மாவட்ட ஆய்வுக் குழுக்கள் நேரில் பார்க்கணும். குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனசு மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதற்கு அப்புறம்தான் குழந்தைகள் நலக் குழு அதைத் தத்துக்கு உரியதா அறிவிக்கும். தத்துப் போன பிறகும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, இரண்டு வருஷம் வரை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். குழந்தையை விற்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு. சட்டம் எழுதியவர்களுக்கு எங்கே ஓட்டை விழும்னு தெரிஞ்சிருக்கு.

2019 ஏப்ரலில் அங்கேதான் விழுந்தது. நாமகிரிப்பேட்டைக்கு எட்டிய தூரத்தில் இருக்கிற ராசிபுரத்தில், விருப்ப ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனைச் செவிலிய உதவியாளர் ஒருவர், குழந்தை கேட்டு அழைத்தவரிடம் போனில் விலை பேசிய ஒலிப்பதிவு வாட்ஸாப்பில் பரவியது. ஆணா பெண்ணா, நிறம், எடை பார்த்து விலை. முப்பது வருஷமாக இதைச் செய்வதாக அதே குரல் சொன்னது. அப்படியானால் தொட்டில் திட்டத்தின் ஏறக்குறைய மொத்தக் காலமும். அவரும், கணவரும், செவிலியர் ஒருவரும், கொல்லிமலை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் இன்னும் சிலரும் கைதானார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

அந்தப் பேச்சில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பிறப்புச் சான்றிதழ்தான். வாங்குகிறவர் பேரிலேயே பெற்றோர் என்று போட்ட அசல் சான்றிதழுக்குத் தனி விலை சொன்னார்கள். ஆய்வுக் குழு காப்பகத்தைத்தான் பார்க்கும். பெற்றெடுத்த பிள்ளைன்னே உள்ளாட்சிப் பதிவேட்டில் ஏறிய குழந்தை காப்பகத்துக்குள் வரவே வராது. 21 நாளுக்குள் பதிந்தால் இலவசம். ஒரு வருஷம் தாண்டினால்தான் மாஜிஸ்திரேட் உத்தரவு. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு வசதி பாருங்க. கர்ப்பத்தைப் பதிந்து வாங்கிய எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடையாதுன்னு தமிழ்நாடு அரசு 2018லேயே கட்டாயமாக்கியிருந்தது. ஒலிப்பதிவு வந்த பிறகு சுகாதாரத் துறையினர் பழைய பிறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டு கொல்லிமலை வீடுகளில் ஏறி இறங்கினார்கள்: இந்தப் பேருக்குரிய குழந்தை இங்கே இருக்கா? 1992லிருந்து வழக்கமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தரகரும் கேள்வி கேட்பதில்லை. தொட்டிலைப் போலவே. சட்டப்படி தத்தெடுக்கிறவர்களிடம் வருமானம், உடல்நிலை, வீடு எல்லாம் கேட்டு வருஷக்கணக்கில் காக்க வைக்கிறோம். அதில் தவறில்லை, கேட்கத்தான் வேணும். ஆனா அந்தக் காத்திருப்பையும் ஏழைத் தாயின் அவசரத்தையும் இணைக்கிற இடத்தில்தான் தரகர் கடை போடுகிறார்.

2023 அக்டோபரில் இதே மாவட்டத்துத் திருச்செங்கோட்டில் அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரும் பெண் தரகர் ஒருவரும் கைதானார்கள். பெண்ணாகப் பிறந்த குழந்தையை விற்றுவிடச் சொல்லி அணுகியதாகப் புகார். ராசிபுரத்து விவகாரம் வெளியே வந்தது ஒரு போன் பதிவால். திருச்செங்கோட்டில் புகார் கொடுத்தது குழந்தையின் குடும்பமே.