படுக்கையை விட்டு வீட்டுக்கு: காசநோய் சிகிச்சையைத் திருப்பிய சென்னை ஆய்வு

காசநோய்க்கு மருந்து இல்லாதிருந்த காலத்தில் மருத்துவர்கள் நோயாளிக்குச் சொல்ல முடிந்தவை மூன்றுதான்: நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்று ஊருக்கு வெளியே எழுப்பப்பட்டவை சானடோரியங்கள். தென்னிந்தியாவில் 1915இல் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் செயல்படத் தொடங்கியது. 1928இல் தாம்பரத்தில் ஒன்றை நிறுவினார் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தி அனுபவம் பெற்றவர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றதுண்டு. தாம்பரத்துச் சானடோரியம் பின்னர் அரசு மருத்துவமனையானது. அதன் பெயர் இன்றும் புறநகர் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது.

இந்த முறையின் பெரிய குறை, படுக்கை கிடைத்தவருக்கு மட்டுமே அது சிகிச்சை என்பது. எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் மக்கள் அஞ்சிய இந்த நோய் லட்சக்கணக்கானவர்களிடம் இருந்தது, படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கும்போதே பலர் இறந்தார்கள். படுக்கை கிடைத்தாலும், கூலி வேலைக்காரர் மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் போனால் குடும்பத்துக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வி இருந்தது.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து பி.ஏ.எஸ். என்ற மருந்து வந்தது. 1952இல் ஐசோனியாசிட் பயன்பாட்டுக்கு வந்தபோது நிலைமை மாறியது. இது விலை குறைவு, மாத்திரையாக விழுங்கலாம், ஊசி தேவையில்லை. அப்படியானால் நோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாமா என்ற கேள்வி எழுந்தது. பணக்கார நாடுகளின் மருத்துவர்கள் பலர் இதற்கு இல்லை என்றே பதில் சொல்லியிருப்பார்கள். மருந்தோடு ஓய்வும் உணவும் சேர்ந்தால்தான் குணம் என்பது அவர்களுக்கு ஐயமற்ற உண்மை.

அந்தக் கேள்வியைச் சோதிக்க 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. சேத்துப்பட்டில் அமைந்த அந்த மையத்தின் முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்.

ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 193 பேர். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள், சளியில் கிருமி உறுதியானவர்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் போவது என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் படுக்கை ஓய்வும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான அறைகளில் குடும்பத்தோடு படுத்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், பலர் வேலைக்கும் போனார்கள்.

1959இல் முடிவு வெளியானது. ஆண்டின் இறுதியில் நோய் அடங்கியிருந்தவர்கள் வீட்டுத் தரப்பில் 86 சதவீதம், சானடோரியத் தரப்பில் 92 சதவீதம். சானடோரியவாசிகளுக்கு எடை அதிகம் கூடியது. ஆனால் நோய் அடங்குவதில் அந்த எடை பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரவில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தே போனது. எல்லோரும் அஞ்சிய இன்னொன்றும் நடக்கவில்லை. நோயாளி வீட்டில் இருந்ததால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றியிருந்தது. மருந்து தொடங்கியதும் பரவல் வேகமாகக் குறைந்தது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு முக்கியமான ஒரு காரணம். சேத்துப்பட்டு மையத்தின் பெருமை இந்த எண்களோடு முடிந்துவிடவில்லை. வீட்டுச் சிகிச்சை என்றால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. இருமலும் காய்ச்சலும் நின்ற பிறகு அதை மாதக்கணக்கில் விழுங்குவது எவருக்கும் கடினம். ஒழுங்காகச் சாப்பிடாமல் விடுபவர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று ஃபாக்ஸ் கண்டார். படித்தவர், படிக்காதவர் என்ற கணக்கு அதற்கு உதவவில்லை.

அதிலிருந்து பிறந்ததே கண்காணிப்புச் சிகிச்சை. வாரம் இருமுறை நோயாளி மையத்துக்கு வந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிடும் பெறும் முறையைச் சென்னையில் சோதித்து 1964இல் முடிவை வெளியிட்டார்கள். பின்னாளில் டாட்ஸ் என்று உலகம் முழுவதும் பேசப்பட்ட முறையின் வேர் இங்கே இருக்கிறது.

1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. 1962இல் தேசியத் திட்டம் தொடங்கியது. அக்காலத்தில் ஆய்வாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு, நோய்க்குறி உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ நிலையங்களைத் தேடி வந்ததைக் காட்டியது. வந்தவர்களில் பலர் இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். குறை நோயாளியிடம் இல்லை, நிலையத்திடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறகு ரிஃபாம்பிசின் வந்து சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்கியது. 1997இல் திருத்தப்பட்ட தேசியத் திட்டம் தொடங்கியது. வாரம் மும்முறை என்றிருந்த மருந்து 2017இல் தினசரி ஆனது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நீண்ட சிகிச்சையை, பெடாகுயிலின் முதலிய மருந்துகள் அடங்கிய ஆறு மாத வாய்வழிச் சிகிச்சையாக மாற்ற 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தியா 2024இல் அதை ஏற்றது.

சென்னை ஆய்வைப் படித்தவர்கள் பலர் அதிலிருந்து ஒரு தவறான பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள்: உணவு முக்கியமில்லை என்பது அது. ஆய்வு காட்டியது, சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குறைந்த உணவிலும் கிருமி அடங்கும் என்பதை மட்டுமே. பட்டினி கிடப்பவர் காசநோயில் எளிதில் விழுவதையோ, எலும்பும் தோலுமாக வருபவர் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோவதையோ அது மறுக்கவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இந்த விடுபட்ட பக்கத்தை நிரப்பியது. நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள்களும் நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதே வழியில் செல்கிறது. நோய் உறுதியானவுடன் மூன்றைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை மிகவும் குறைந்திருக்கிறதா, மூச்சும் இரத்த ஆக்சிஜன் அளவும் எப்படி, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இதற்கு எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். ஆபத்தில் இருப்பவருக்கு உடனே மருத்துவமனைப் படுக்கை, சிகிச்சை உணவு. மற்றவர்களுக்கு வீட்டில் மருந்து. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018இல் மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.