சட்டம் உண்டாக்கிய தொழில்: இந்தியாவில் கம்பெனிச் செயலர்

சந்தையின் தேவையால் தாமாக வளர்ந்த தொழில்கள் பல உண்டு. இந்தியாவில் கம்பெனிச் செயலர் தொழிலோ பெரும்பாலும் சட்டத்தின் கட்டாயத்தால் வளர்ந்தது. இயக்குநர் குழுவின் கூட்டங்களையும் பங்குதாரர்களின் பொதுக்கூட்டங்களையும் முறைப்படி கூட்டுவது, அவற்றில் நிறைவேறும் தீர்மானங்களை 'மினிட்ஸ்' எனப்படும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்து காப்பது, பங்குதாரர் பதிவேட்டைப் பேணுவது, கம்பெனிப் பதிவாளரிடம் உரிய படிவங்களைத் தாக்கல் செய்வது ஆகியவை இப்பதவியின் பழைய கடமைகள். இவற்றை எழுத்தர் ஒருவரே செய்துவிடலாம் என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியதும், அதே பதவி பிற்காலத்தில் கம்பெனி நல்லாளுகையின் காவற்பதவியாகக் கருதப்பட்டதும் ஒரே வரலாற்றின் இரு முனைகள்.

அந்த வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1844-ஆம் ஆண்டின் கூட்டுப்பங்குக் கம்பெனிகள் சட்டம் பதிவுமுறையையும், 1855-ஆம் ஆண்டின் சட்டம் பங்குதாரரின் பொறுப்பு அவரது பங்குத்தொகையோடு முடிந்துவிடும் என்ற வரையறையையும் கொண்டுவந்தபின் கம்பெனிகள் பெருகின; அவற்றின் ஏடுகளைப் பேணச் செயலர்களும் பெருகினர். ஆயினும் அவர்களின் தகுதி மிகத் தாழ்ந்தே இருந்தது. டிராம் கம்பெனி ஒன்றின் செயலர், ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டிய தொகை குறித்து வங்கிக்கு அளித்த உறுதிமொழி கம்பெனியைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி 1887-இல் எழுந்தபோது, செயலர் ஏவியதைச் செய்யும் பணியாளரே, கம்பெனியின் சார்பில் பேச அவருக்கு அதிகாரமில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. நான்கே ஆண்டுகளில், 1891-இல், செயலர்கள் தமக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். 1902-இல் அது அரச சாசனமும் பெற்றது. நீதிமன்றத்தின் பார்வை மாற மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. வாடிக்கையாளர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர என்று சொல்லிக் கம்பெனியின் பெயரில் உயர்ரகக் கார்களை வாடகைக்கு எடுத்து, அவற்றைத் தன் சொந்த உல்லாசத்துக்குப் பயன்படுத்திய செயலர் ஒருவரின் வழக்கில், வாடகையைக் கம்பெனியே செலுத்த வேண்டும் என்று 1971-இல் தீர்ப்பாயிற்று. செயலர் இப்போது வெறும் எழுத்தர் அல்லர், நிர்வாக ஒப்பந்தங்களைச் செய்யவல்ல முதன்மை அலுவலர் என்பது நீதிபதி டென்னிங் பிரபுவின் நிலைப்பாடு. இத்தொழிலுக்குக் கிடைத்த மிகப்பெரிய மதிப்பு, அதன் உறுப்பினர் ஒருவரின் மோசடியை ஒட்டியே கிடைத்தது என்பது வேடிக்கையானது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1850 முதலே கம்பெனிப் பதிவுச் சட்டம் இங்கு இருந்தபோதிலும், மேனேஜிங் ஏஜென்சி என்ற மேலாண்மை முகவர் முறை செயலருக்கு இடமே வைக்கவில்லை. முகவர் நிறுவனம் ஒன்று, ஒப்பந்தத்தின் பேரில் ஒரு கம்பெனியையோ பல கம்பெனிகளையோ முழுமையாக நடத்தி, அதற்குரிய கழிவுத்தொகையைப் பெற்றுக்கொள்வதே இம்முறை. சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை பின்னி நிறுவனமும், தென்மாவட்டங்களில் மதுரா மில்ஸை ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனமும் இவ்வாறே நடத்தின. குறிப்பேடும் பதிவேடும் முகவரின் அலுவலகத்திலேயே இருந்த நிலையில், தனித்துநின்று சட்டத்தைச் சுட்டிக்காட்டும் செயலரைத் தேட எவருக்கும் காரணமில்லை.

சி. எச். பாபா தலைமையிலான குழுவின் 1952-ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1956-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், முகவர்களின் ஊதியத்தை நிகர லாபத்தில் 10 சதவீதத்துக்குள் அடக்கியது; அவர்களுக்கு மாற்றாக, 7.5 சதவீத உச்சவரம்புடனும் இயக்குநர்களை நியமிக்கும் உரிமையின்றியும் இயங்கும் 'செயலர்களும் பொருளாளர்களும்' என்ற அமைப்பையும் அனுமதித்தது. இது தனிமனிதர் வகிக்கும் பதவியன்று, நிறுவனங்களே ஏற்கும் மேலாண்மைப் பொறுப்பு. இவ்விரு முறைகளும் 1970 ஏப்ரல் 3-இல் ஒழிந்தன. நவீன செயலர் பதவியின் தோற்றத்தை இந்த ஒழிப்பிலிருந்தே கணக்கிடுவது பொருந்தும். ஏனெனில் முகவர் அலுவலகம் அகன்றதும் ஒவ்வொரு கம்பெனியும் தன் சட்டக் கடமைகளைத் தானே சுமக்க நேர்ந்தது.

அதற்குரிய ஆட்களைத் தயார்செய்யும் முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. 1960-களில் அரசே கம்பெனிச் செயலருக்கான பட்டயத் தேர்வை நடத்தியது. 1968 அக்டோபர் 4-இல் இந்தியக் கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் பதிவாயிற்று. 1974-ஆம் ஆண்டின் திருத்தம் 383ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 25 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ செலுத்தப்பட்ட மூலதனம், அதாவது பங்குதாரர்கள் உண்மையில் செலுத்திய பங்குத்தொகை, உள்ள கம்பெனி முழுநேரச் செயலரை நியமிக்க வேண்டும் என்றது. 1980-ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால், 1981 ஜனவரி முதல் அந்நிறுவனம் சட்டபூர்வ அமைப்பாகி, தேர்வும் உறுப்புரிமையும் ஒழுங்கு நடவடிக்கையும் அதன் கைக்கு வந்தன. சென்னைக் கல்லூரிகளில் பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்ற பட்டப்படிப்பு பரவியதும் இத்தொழிலின் ஈர்ப்பைக் காட்டுகிறது. எனினும் அப்பட்டம் மட்டும் எவரையும் செயலராக்குவதில்லை, நிறுவனத்தின் தேர்வுகளும் பயிற்சியும் தனியே உண்டு.

கட்டாயத்துக்கான மூலதன வரம்பு பின்னர் 50 லட்சம், 2 கோடி, 5 கோடி என உயர்ந்துகொண்டே சென்றது. ஒவ்வோர் உயர்விலும் சிறிய கம்பெனிகள் கட்டாயத்திலிருந்து விடுபட்டன, அவற்றிலிருந்த வேலைவாய்ப்புகளும் சுருங்கின. சட்டத்தால் பிறந்த தொழில், அரசு அறிவிப்பில் ஓர் எண் மாறினால் ஆட்டங்காணும் என்பதை இந்த ஏற்றம் போல் வேறெதுவும் விளக்காது. இச்சரிவை ஈடுசெய்ததில் பெரும்பங்கு பங்குச்சந்தைக்கு உண்டு. குமார் மங்கலம் பிர்லா குழுவின் பரிந்துரைப்படி 2000-இல் பங்குச்சந்தையின் பட்டியல் ஒப்பந்தத்தில் வந்த 49-ஆம் விதி, பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர் குழு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வரையறுத்தது. 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி வெளிப்பட்டபின் விதிகளின் மீதான கவனம் மேலும் கூர்மையடைந்தது.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் செயலரைத் தலைமைச் செயல் அலுவலர், தலைமை நிதி அலுவலர் ஆகியோருடன் முக்கிய மேலாண்மைப் பணியாளர் வரிசையில் வைத்து, அவரது நியமனத்துக்கு இயக்குநர் குழுவின் தீர்மானத்தைக் கட்டாயமாக்கியது. சட்டங்கள் பின்பற்றப்படுவது குறித்துக் குழுவிடம் அறிக்கை தருவதையும் அவரது கடமையாக்கியது. ஆனால் அதே குழுவே அவரை விலக்கவும் கூடும். எவருடைய செயலைக் கண்காணிக்கிறாரோ அவர்களிடமிருந்தே அவர் ஊதியம் பெறுகிறார். சட்டம் இச்சிக்கலை உணர்ந்தே இருந்தது எனலாம். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கும் பெரிய பொதுக் கம்பெனிகளுக்கும் அது விதித்த, சட்டங்கள் பின்பற்றப்படுவதைச் சரிபார்க்கும் செயலகத் தணிக்கையை, அங்கே பணிபுரியும் செயலரிடம் விடாமல், வெளியே தனித்தொழில் நடத்தும் செயலரிடம் ஒப்படைத்தது. மோசடியைக் கண்டால் மத்திய அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் அந்தத் தணிக்கையாளருக்கே விதிக்கப்பட்டது. குறிப்பேட்டை அன்றாடம் எழுதும் உள்ளிருக்கும் செயலருக்கு, இக்கடமையை விதித்த பிரிவு அத்தகைய பொறுப்பு எதையும் வைக்கவில்லை.