செய்யாத குற்றத்திற்கு மன்னிப்பு

குற்றம் புரிந்தவரை மன்னிக்கலாம். குற்றமே புரியாதவரை எதற்காக மன்னிப்பது? அவர் இழந்த ஆண்டுகளுக்கு ஈடு செய்யும் கடமை யாருடையது? இவ்வினாக்களை இங்கிலாந்து எதிர்கொண்ட வரலாறு அறியத்தக்கது.

1895ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் தெருவொன்றில் அடால்ப் பெக் என்னும் நார்வே நாட்டவரை ஒரு பெண்மணி வழிமறித்தார். தம்மை ஏமாற்றி நகைகளைக் கவர்ந்தவர் இவரே என்றார். வேறு பெண்கள் பலரும் அவ்வாறே அடையாளங் காட்டினர். 1877இல் இதே சூழ்ச்சி செய்து தண்டனை பெற்ற ஜான் சிமித் என்பவனே இவர் என்றும் காவலர் நம்பினர். அக்காலத்தில் தாம் தென் அமெரிக்காவில் இருந்ததாகக் காட்டப் பெக் முயன்றார், நீதிபதி இடமளிக்கவில்லை. 1896இல் ஏழாண்டுக் கடுஞ்சிறை விதிக்கப்பட்டது.

1898இல் பழைய சிறைக் குறிப்பொன்று வெளிப்பட்டது. சிமித் விருத்தசேதனம் செய்யப்பட்டவன், பெக் அவ்வாறல்லர். எனவே இருவரும் ஒருவரல்லர் என்பது தெளிவாயிற்று. இரு காலத்து மோசடிக் கடிதங்களையும் எழுதியது ஒரே கை. ஆகவே, பெக் குற்றமற்றவர் என்பதே பெறப்படும் முடிபு. ஆயினும் அரசு அவரது சிறை எண்ணை மாற்றியதேயன்றி அவரை விடுவிக்கவில்லை!

1901இல் வெளிவந்த பெக், 1904இல் மீண்டும் அதே பழிக்கு ஆளாகிக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். தண்டனை கூறப்படுமுன் உண்மைக் குற்றவாளி பிடிபட்டான். மன்னர் பெக்கை 'மன்னித்தார்'. முதலில் 2,000 பவுன் தர முன்வந்த அரசு, மக்கள் கண்டனத்திற்குப் பின் 5,000 பவுன் வழங்கிற்று. இவ்வழக்கை ஆராய ஒரு விசாரணைக் குழுவும் அமைந்தது. அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1907இல் குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் தோன்றியது.

ஆனால் அந்த 5,000 பவுன் அருட்கொடையே, உரிமையன்று. தவறாகத் தண்டிக்கப்பட்டோர்க்குச் சட்டப்படி நட்ட ஈடு வேண்டும் என 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை விதித்தது. பிரிட்டன் அதனை 1976இல் ஏற்றது. தன் சட்டத்தில் எழுதியதோ 1988இல்தான். 2014இல் இங்கிலாந்து, வேல்சுப் பகுதிகளில் அவ்வுரிமை மீண்டும் சுருங்கிற்று. தண்டனை நீக்கப்பெற்றால் மட்டும் போதாது. அவர் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்பதைப் புதிய சான்று ஐயத்திற்கிடமின்றிக் காட்டுதல் வேண்டும்.

வழக்கு நடக்குங்கால் குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசினுடையது. விடுதலைக்குப் பின், குற்றமின்மையை மெய்ப்பிக்கும் சுமை, ஆண்டுகளை இழந்தவருடையது. இம்முறை நேரிதுதானா? பெக்கின் வரலாறு இன்றும் நம்மைக் கேட்கும் கேள்வி இதுவே.