கண்ணாடி இல்லாத பைக்



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். "சார், செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்கியிருக்கேன்" என்று செல்போனில் படம் காட்டினான். யமஹா ஆர்1. முன்விளக்கு இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, இண்டிகேட்டர் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. "அடிபட்ட வண்டியாடா?" என்றேன். "இல்ல சார், ரேஸ் டிராக்கில் ஓட்டுறதுக்காக மாத்தினது. ரோட்டில் எடுக்கவே கூடாது" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையை பைக் வேகத்துக்குத்தான் பறிகொடுத்தோம். அந்த வீட்டு வாசலில் நின்ற நாளை நான் மறக்கவில்லை. அதனால் கடுமையாகத் திட்டிவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அவன் போனபிறகு, வரலாறு நடத்திய வாத்தியார் ஆயிற்றே, இந்த வண்டிகளின் கதையைத் தேடிப் படித்தேன்.

1969-இல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி சிபி750 என்ற நான்கு சிலிண்டர் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி. 'சூப்பர் பைக்' என்ற பெயர் பரவியது இதை வைத்துத்தான். 1985-இல் சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 வந்தது. அலுமினியச் சட்டம், குறைந்த எடை. பந்தய வண்டிக்கு விளக்கு மாட்டி விற்றது போல இருந்தது.

1988-இல் உலக சூப்பர் பைக் போட்டி தொடங்கியது. கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாக வைத்துத்தான் அதில் ஓட முடியும். அப்படியானால் போட்டியில் ஜெயிக்க ஆசைப்படும் கம்பெனி, ஜெயிக்கக்கூடிய வண்டியைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் அல்லவா? பந்தயத் தடத்தின் வேகம் தெருவுக்கு வந்ததில் இந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு.

1998-இல் வந்த முதல் ஆர்1-க்கு 150 குதிரைத்திறன். பெட்ரோல் நிரப்பாமல் எடை 177 கிலோ. நம் பழைய அம்பாசடர் காரின் சக்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! அடுத்த ஆண்டே சுசுகியின் ஹயபுசா 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. அதன்பிறகு கம்பெனிகளே பயந்து, 300-ஐ எல்லையாக வைத்துக்கொண்டன.

நமக்கும் இதில் பழைய உறவு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் நானே பஸ் ஏறிப் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே திறந்தார்கள். இவனும் வண்டியை வேனில் ஏற்றி அங்கேதான் கொண்டுபோகிறானாம்.

மறுவாரம் அவனைக் கூப்பிட்டு, வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டேன். கீழே விழுந்தால் கண்ணாடிச் சில்லு தடத்தில் சிதறக்கூடாது. அதனால் விளக்கும் கண்ணாடியும் கழற்றப்பட்டிருக்கின்றன. எஞ்சின் ஆயில் போல்ட்டில் துளையிட்டு, தானாகக் கழன்றுவிடாமல் கம்பி முறுக்கியிருக்கிறார்கள். ரேடியேட்டரில் கூலண்ட் இல்லை, வெறும் தண்ணீர். கூலண்ட் கொட்டினால் வழுக்கும். ஆயில் ஒழுகினாலும் தடத்தில் சிந்தாமல் பிடித்துக்கொள்ள எஞ்சினுக்கு அடியில் தட்டு.

"இதெல்லாம் எதுக்குத் தெரியுமா சார்? பின்னால வர்றவன் விழக்கூடாதுன்னுதான்" என்றான்.

நான் பேசாமல் இருந்துவிட்டேன். ரோட்டில் வேகமாகப் போகிறவன் பின்னால் வருகிறவனை நினைக்கிறானா? எதிரே லாரி, குறுக்கே மாடு, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். ஹெல்மெட், தோல் உடுப்பு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. கொடி காட்ட ஆள், ஆம்புலன்ஸ் எல்லாம் தயார். அங்கேயும் ஆபத்து உண்டுதான். ஆனால் அங்கே வேகத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் "வேகமாகப் போகாதே" என்று மட்டும் சொன்னேன். வேகத்தில் ஆசையுள்ள பிள்ளை எங்கே போகலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சோழவரத்தைக் கண்ணால் பார்த்தும் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இன்று இருந்திருப்பானா? தெரியாது. கேள்வி மட்டும் இருக்கிறது.

என் மாணவன் அன்று ஸ்கூட்டரில்தான் வந்திருந்தான். கிளம்பும்போது ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு, "வரேன் சார்" என்று நாற்பதில் போனான். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் வீட்டில் பைக் ஆசையுள்ள பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன் இந்தக் கம்பி முறுக்கிய போல்ட்டின் கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்