படைத்தவரும் பெற்றவருமான கடவுள்: கிறித்தவ அன்றாடத் தியானத்தில்

கிறித்தவர்கள் நாள்தோறும் மறைநூலில் ஒரு பகுதியை வாசித்து, அதில் சற்று மனம் ஊன்றி, பிறகு மன்றாடுவது வழக்கம். அதில் ஓயாமல் திரும்பி வரும் கருப்பொருள்களுள் ஒன்று, உலகைப் படைத்தவரே நம்மைப் பெற்றவரும் ஆவார் என்பது. கத்தோலிக்கர் அன்றைய திருப்பலி வாசகத்தை ஒட்டித் தியானிப்பார்கள். சீர்திருத்த சபையார் குடும்ப ஜெபத்தில் வேதப்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். எந்த வழியில் போனாலும் இந்தப் பொருளைத் தாண்டிச் செல்ல முடியாது.

ஆனால் படைப்பதும் பெறுவதும் ஒன்றல்ல. குயவர் தாம் வனைந்த பானை கோணலாக வந்தால் பிசைந்து வேறாக வனையலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பெற்ற பிள்ளையிடம் அந்த உரிமை செல்லாது. கடவுள் இதில் எந்த வகை உறவினர் என்ற கேள்விக்கு விவிலியம் ஒரே பதிலைத் தரவில்லை. இரண்டு உறவுகளையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. தியானத்துக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மறைநூல் வேர்கள்

இணைச்சட்டம் (உபாகமம்) 32-ஆம் அதிகாரத்தில் உள்ள மோசேயின் பாடல் இதற்கு முதன்மைச் சான்று. அதன் 6-ஆம் வசனம் கடவுளை மக்களின் தந்தை என்றும் அவர்களை உருவாக்கியவர் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. 18-ஆம் வசனம் இன்னும் துணிகிறது. அவரைப் பாறை என்று அழைத்துவிட்டு, அந்தப் பாறையே இஸ்ரயேலை ஈன்றதாகவும் பேறுகால வேதனைப்பட்டதாகவும் பேசுகிறது.

எசாயா (ஏசாயா) 64:8 அன்றாட வாசகர்களிடம் மிகவும் புழங்கும் வசனம்: கடவுள் தந்தை, நாங்கள் களிமண், அவர் குயவர். தியான நூல்கள் பெரும்பாலும் இதைப் பணிவின் பாடமாக ஆக்கிவிடுகின்றன. அது அரைகுறை வாசிப்பு. அடுத்த சில வசனங்களில் எருசலேம் பாழடைந்து கிடக்கிறது, கோவில் எரிந்துபோயிருக்கிறது. கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று மக்கள் கேட்கிறார்கள். களிமண்ணால் கேள்வி கேட்க முடியாது, பிள்ளையால் முடியும். குயவர் என்று சொல்வதற்கு முன்பே தந்தை என்று சொல்லிவிடுவதில் ஒரு வழக்காடல் ஒளிந்திருக்கிறது.

அதே நூலின் 45-ஆம் அதிகாரம் எதிர்த்திசையில் போகிறது. வனைபவரோடு வாதாடும் மண்ணையும், பெற்றோரிடம் என்ன பெற்றீர்கள் என்று கேட்கும் பிள்ளையையும் அது ஒன்றாகவே கண்டிக்கிறது. 42:14-இல் கடவுள் பேறுகாலப் பெண்போல் கதறுகிறார். 49:15-இல் பால்குடிப் பிள்ளையை மறக்காத தாயைவிட மறதியற்றவர். 66:13-இல் தாயைப்போல் தேற்றுகிறவர்.

யோபு நூல் இந்தப் பொருளில் எல்லாவற்றையும்விடச் செழுமையானது, ஆனால் தினசரி வாசிப்பேடுகளில் மிகக் குறைவாகவே இடம்பெறுவது. 10-ஆம் அதிகாரத்தில் யோபு, தம்மைக் கையால் வனைந்தவரே, பாலை உறையவைப்பதுபோல் கருவில் திரளச் செய்தவரே ஏன் அழிக்கப் பார்க்கிறார் என்று முறையிடுகிறார். 38-ஆம் அதிகாரத்தில் கடவுள் பதில் பேசும்போது அதே மொழியைத் திருப்பிப் பயன்படுத்துகிறார். மழைக்குத் தந்தை உண்டா, பனிக்கட்டி எந்தக் கருவறையிலிருந்து வந்தது என்று கேட்கிறார். கருவிலிருந்து வெளிப்பட்ட கடலுக்கு மேகம் சுற்றுத்துணி ஆகிறது. இங்கே படைப்பே ஒரு பிரசவம். ஆனால் யோபு கேட்ட கேள்விக்கு அது நேரான விடை அல்ல.

திருப்பாடல்களில் (சங்கீதங்களில்) 103 முக்கியம். 103:13-14, தந்தை பிள்ளைகளுக்கு இரங்குவதுபோல் கடவுள் இரங்குகிறார் என்று சொல்லி, காரணமாக நாம் தூசி என்பது அவருக்குத் தெரியும் என்கிறது. உருவாக்கியவருக்கே பொருளின் பலவீனம் தெரியும், ஆகவே இரக்கம். இரண்டு உறவுகளும் பிணக்கில்லாமல் சேரும் அரிய இடம் இது.

மத்தேயு 6-இல் இயேசு வானத்துப் பறவைகளைக் காட்டும்போது அவற்றுக்கு உணவளிப்பவரை அவற்றின் படைப்பாளர் என்று சொல்லவில்லை, கேட்பவர்களின் தந்தை என்கிறார். பவுல் ஏதென்சில் பேசியபோது (திருத்தூதர் பணிகள் 17) மனிதர் கடவுளின் மரபினர் என்பதற்குக் கிரேக்கப் புலவர் அராத்துஸின் கவிதையைத் துணைக்கு அழைத்தார். அராத்துஸ் கிலிக்கியா நாட்டுச் சோலி நகரத்தவர். பவுலின் தார்சு நகரமும் கிலிக்கியாவில்தான் உள்ளது.

கோட்பாட்டுச் சிக்கல்

2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன், உலகைப் படைத்த பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்றார். 144-இல் உரோமைச் சபை அவரை விலக்கியது. லியோன் நகர ஆயர் இரனேயு சுமார் 180-இல் எழுதிய மறுப்பில், மகனும் ஆவியும் கடவுளின் இரு கைகள், அந்தக் கைகளாலேயே மனிதர் உருவாக்கப்பட்டார் என்று வாதிட்டார். தந்தையையும் விண் மண் படைத்தவரையும் திருத்தூதர் நம்பிக்கை அறிக்கை ஒரே வரியில் இணைப்பது இந்தச் சச்சரவின் பின்னணியில்தான் முழுப் பொருளும் பெறுகிறது.

325-இல் நிசேயாப் பொதுச்சங்கம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கோடு கிழித்தது. மகன் பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர். அப்படியானால் மனிதர் படைக்கப்பட்டவர்களே. பிள்ளைகள் ஆவது தத்தெடுப்பால், பவுல் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதியபடி. எல்லா மனிதரும் பிறப்பாலேயே கடவுளின் பிள்ளைகளா, நம்பிக்கையால் பிள்ளைகள் ஆகிறார்களா என்ற விவாதம் இதிலிருந்து கிளைத்தது. 1900-இல் வெளிவந்த பெர்லின் சொற்பொழிவுகளில் அடோல்ஃப் ஹர்நாக் கடவுளின் தந்தைமையை எல்லா மனிதருக்கும் விரித்து, கிறித்தவத்தின் சாரமே அதுதான் என்றார். பலர் அதை ஏற்கவில்லை.

அன்றாடப் பழக்கம்

யூதரின் காலை மன்றாட்டில் முதலில் ஒளியை உருவாக்கியவருக்குப் புகழ்; அடுத்த ஆசியுரையில் அவரே இரக்கமுள்ள தந்தை; அதன்பின் ஷெமா என்னும் மன்றாட்டு. கிறித்தவத் தொடக்கக் காலத்துத் திதாக்கே என்னும் ஏடு, இயேசு கற்பித்த மன்றாட்டை நாளுக்கு மூன்று முறை சொல்லப் பணிக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய துறவு ஒழுங்கு 150 திருப்பாடல்களையும் வாரத்துக்கு ஒருமுறை முடிக்கச் சொன்னது. 12-ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்நிலையில் தங்குதல் என நான்கு படிகளை வகுத்தார்.

1549-இல் தாமஸ் கிரான்மர் தொகுத்த ஆங்கிலச் சபைப் பொது மன்றாட்டு நூல், திருப்பாடல்களை 30 நாள்களுக்குப் பங்கிட்டது. அதில் 20-ஆம் நாள் காலையில் 103-ஆம் பாடல், மாலையில் படைப்பைப் பாடும் 104-ஆம் பாடல். யாரும் கருப்பொருள் கருதித் திட்டமிட்டதல்ல, எண் வரிசைதான் அப்படி அமைந்தது. ஆனாலும் மாதந்தோறும் ஒரு நாள், தூசியான பிள்ளைக்கு இரங்கும் தந்தையோடு விடிந்து, கடலுக்கு எல்லை வைத்தவரோடு முடிகிறது.

மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் இந்தப் பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தது. படைப்பு பற்றிய அவருடைய விளக்கம் வானமும் விண்மீன்களுமாகத் தொடங்கவில்லை. என்னைப் படைத்தார் என்று தொடங்கி, கண், காது, உடை, காலணி, வீடு, வயல், கால்நடை எனப் பட்டியலிட்டு, இவை அனைத்தும் என் தகுதியால் அல்ல, தந்தைக்குரிய நன்மையால் வந்தவை என்று முடிக்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். 1563-இன் ஹைடல்பெர்க் ஞானோபதேசம் 52 ஞாயிறுகளுக்குப் பிரிக்கப்பட்டது. மழையும் வறட்சியும் நலமும் நோயும் தற்செயல் அல்ல, தந்தையின் கையிலிருந்து வருபவை என்பது அதன் போதனை. வறட்சியில் வாடும் குடும்பத்துக்கு இது ஆறுதலா பாரமா என்பது வேறு கேள்வி.

செக்சனி நாட்டு ஹெர்ன்ஹுட்டில் 1728 மே 3 அன்று சின்சென்டோர்ஃப் பிரபு மொராவிய சகோதரருக்கு மறுநாளைக்கான ஒரு வாசகத்தைக் கொடுத்தார். அது 1731 முதல் ஆண்டுநூலாக அச்சேறியது, இன்றும் தொடர்கிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆராய்ந்து தேர்வார்கள். விரும்பிய வசனத்தை மட்டும் படிக்கும் வழக்கத்துக்கு இந்தக் குலுக்கல் நல்ல தடை.

தாய் என்னும் அழைப்பு

675-இல் கூடிய 11-ஆம் தொலேதோ சங்கம், மகன் தந்தையின் கருவறையிலிருந்து பிறந்தவர் என்று அறிக்கையிட்டது. இங்கிலாந்தின் நார்விச் நகர ஜூலியன் 1373-இல் கண்ட காட்சிகளில், உள்ளங்கையில் ஒரு சிறு கொட்டையளவு பொருள் தெரிந்தது. படைக்கப்பட்ட அனைத்தும் அதுதான், கடவுள் நேசிப்பதால்தான் அது இருக்கிறது என்று உணர்ந்தார். பின்னர் அந்தக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில் கடவுளின் தாய்மையை விரிவாக எழுதினார். மராத்தியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் கிறிஸ்துவைத் தாயாகவும் குருவாகவும் விளித்துப் பாடினார். திருத்தந்தை முதலாம் யோவான் பவுல் 1978 செப்டம்பர் 10-ஆம் நாள் மூவேளை உரையில், கடவுள் தந்தை, அதைவிடத் தாய் என்று குறிப்பிட்டது உலகச் செய்தியானது. அதே ஆண்டு அமெரிக்க விவிலிய அறிஞர் ஃபிலிஸ் டிரிபிள், எபிரேய நூல்களின் கருவறை உருவகங்களை ஆராய்ந்த தமது நூலை வெளியிட்டார். 1992-இன் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, 239-ஆம் பத்தியில், தாய்மை உருவகமும் பொருந்தும் என்றும் கடவுள் ஆண் பெண் வேறுபாட்டைக் கடந்தவர் என்றும் ஏற்கிறது. தந்தையிடம் அடியும் அவமதிப்பும் மட்டுமே கண்டு வளர்ந்தவர்களுக்குத் தந்தை என்னும் அழைப்பு எப்படி ஒலிக்கும் என்ற கேள்விக்கும் அப்பத்தி இடம் தருகிறது. பெற்றோர் தவறக்கூடியவர்கள், தந்தைமை, தாய்மை ஆகியவற்றின் முகத்தைச் சிதைக்கக்கூடியவர்கள் என்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில சபைகளில் தந்தை, மகன், தூய ஆவி என்பதற்கு மாற்றாகப் படைத்தவர், மீட்டவர், புனிதப்படுத்துபவர் என்று சொல்லித் திருமுழுக்குக் கொடுக்கும் வழக்கம் எழுந்தது. 2008-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அத்தகைய திருமுழுக்குச் செல்லாது என்று அறிவித்தது. படைத்தவர் என்பது கடவுள் செய்த வேலையைச் சொல்வது. தந்தை என்பது அவர் யாரோடு எப்படி உறவுடையவர் என்பதைச் சொல்வது. ஒன்று மற்றதன் இடத்தில் நிற்காது என்பதே திரித்துவக் கோட்பாட்டின்படி அதற்கு விளக்கம். அந்தத் தீர்ப்பு திருமுழுக்குக்கு மட்டுமே. தனி மன்றாட்டில் ஒருவர் கடவுளைக் குயவர் என்றோ பாறை என்றோ தாய் என்றோ அழைப்பதை அது தடுக்கவில்லை.