கணினி இயற்கணிதத்தில் மட்டு மதிப்பும் இணைக் கலப்பெண்ணும்

எண்களை மட்டுமின்றி எழுத்துகளையும் வைத்துக் கணக்கிடும் மென்பொருள்கள் மட்டு மதிப்பையும் இணைக் கலப்பெண்ணையும் கையாண்ட வரலாறு இது. ஒரு கலப்பெண்ணின் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றினால் அதன் இணை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மட்டு மதிப்பின் வர்க்கம். மெய்ப்பகுதி 3, கற்பனைப் பகுதி 4 என்றால் பெருக்கற்பலன் 25, மட்டு மதிப்பு 5. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) மின்னணுவியல் படிப்பவர்கள் மின்மறிப்பின் அளவைக் காண்பதும் இப்படித்தான். எண் கையில் இருக்கும்வரை தொல்லையில்லை. எண்ணின் இடத்தில் எழுத்து வந்து உட்காரும்போதுதான் சிக்கல்.

எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸ்தான் என்று பள்ளிப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். எக்ஸ் −3 என்றால் விடை 3. ஆகவே மெய்யெண்களுக்கு மட்டு மதிப்பே சரி. கற்பனைப் பகுதி 3 மட்டும் உள்ள எண்ணை இட்டுப் பார்த்தால் அதுவும் பொய்க்கிறது: வர்க்கம் −9, வர்க்கமூலம் பழைய எண்ணே, மட்டு மதிப்போ 3. எழுத்து எந்த வகை எண் என்று தெரியாமல் எந்தச் சுருக்கமும் செல்லாது.

1968இல் டேனியல் ரிச்சர்ட்சன் இன்னும் ஆழமான தடையைக் காட்டினார். சைன், அடுக்குக்குறிச் சார்பு, பை, 2இன் இயல் மடக்கை ஆகியவற்றோடு மட்டு மதிப்பும் சேர்ந்துவிட்டால், ஒரு கோவை எங்கும் பூச்சியம்தானா என்று எப்போதும் சொல்லவல்ல வழிமுறையே கிடையாது. அதே ஆண்டில்தான் அமெரிக்க எம்.ஐ.டி.யில் மாக்சிமா மென்பொருளின் முன்னோடியான மாக்சைமா திட்டம் தொடங்கியது.

மாக்சிமா எழுத்துகளை மெய்யெண்களாகவே கொள்கிறது. இசட்டின் இணையைக் கேட்டால் இசட்டையே திருப்பித் தரும்; கலப்பெண் என்று முன்பே அறிவித்திருந்தால்தான் பேச்சு மாறும். எச்சரிக்கையின்றி வரும் இந்த விடை ஆபத்தானது. 1988இல் வெளிவந்த மேதமேட்டிகா இதற்கு நேர்மாறு: எழுத்தைக் கலப்பெண்ணாகக் கொள்ளும். எழுத்தை மெய்யெண்ணாகக் கொண்டு விரித்துக் காட்டத் தனிக் கட்டளை உண்டு. ஓந்த்ரேய் செர்டிக் தொடங்கிய சிம்பை என்னும் மென்பொருள், அறிவிப்பு இல்லாதவரை இணையைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கும். அதுவே நேர்மையான வழி. சிம்பையை விவரிக்கும் 2017ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்களில் இலங்கையின் திலின ரத்நாயக்க, இசுரு பெர்னாண்டோ இருவரும் உண்டு.

வகையிடலில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றுகிறது. மட்டு மதிப்பின் வர்க்கத்துக்குக் கலப்பெண் வகைக்கெழு பூச்சியப் புள்ளி தவிர வேறெங்கும் இல்லை. வில்ஹெல்ம் விர்ட்டிங்கர் 1927இல் எழுதிய முறையில் இசட்டும் அதன் இணையும் இரு தனி மாறிகள். அதைப் பின்பற்றுபவர்கள் இணைக்கு வேறோர் எழுத்தை இட்டு வகையிட்டுவிட்டு, கடைசியில் இணையைத் திரும்ப வைக்கிறார்கள்.