தண்டவாளம் போன தடம்: கிளேர் பள்ளத்தாக்கின் சரளைப் பாதை எப்படி உருவானது?

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டுக்கு வடக்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றடையும் தொலைவில், கிளேர் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினுக்குப் பெயர்பெற்ற நிலம் இது. இப்பள்ளத்தாக்கின் ஊடாக, ஆபர்ன் என்ற சிற்றூரிலிருந்து கிளேர் நகரைக் கடந்து பரினியா வரை, 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு சரளைப் பாதை உண்டு. மோட்டார் வாகனங்களுக்கு அதில் இடமில்லை. மிதிவண்டியில் செல்வோரும் நடப்போரும் மட்டுமே அதைப் பயன்படுத்துகின்றனர். ‘ரீஸ்லிங் தடம்’ என்று அழைக்கப்படும் இப்பாதை, சுற்றுலா ஏடுகளில் இயற்கையின் கொடைபோல் வருணிக்கப்படுகிறது. அதன் அமைதி உண்மையில் ஒரு வரலாற்று விளைவு. ஓர் இருப்புப்பாதையின் தோல்வி, ஒரு காட்டுத்தீ, பொதுநிலத்தைச் சிதறவிடாமல் காத்த ஒரு முடிவு ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய அமைதி அது.

பாதையின் சாய்வே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். மாட்டுவண்டிக்காகவோ காருக்காகவோ போடப்பட்ட சாலை, மேட்டைக் கண்டால் நேராக ஏறிவிடும். நீராவி எஞ்சினுக்கு அது இயலாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், இருப்புப்பாதையைப் போடுவோர் மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் வளைவுகளால் சுற்றியும் ஏற்றத்தைக் குறைப்பர். கிளேர் நிலப்பரப்பில் இது எளிய வேலையாக இருந்திருக்க முடியாது. தெற்கே வேக்ஃபீல்டு ஆற்றுப்படுகையில் விழும் மழைநீர் செயின்ட் வின்சென்ட் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. வடக்கே ஹட் ஆற்றில் சேரும் நீர் பிராட்டன் ஆறு வழியாக ஸ்பென்சர் வளைகுடாவுக்குப் போகிறது. இரு வளைகுடாக்களுக்கும் நீரைப் பிரித்தனுப்பும் மேட்டுநிலத்தைத் தாண்டியே தடம் செல்கிறது. இன்று மூச்சிரைக்காமல் மிதிவண்டி மிதிக்கும் பயணி, நூறாண்டுக்கு முன் மண் வெட்டிய தொழிலாளர்களின் உழைப்பின்மீதே செல்கிறார். தடத்தின் பெயரில் திராட்சைக்கு இடம் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலத்தின் முதல் மக்கள் ஙாட்ஜுரி தொல்குடியினர். எட்வர்டு ஜான் அயர் 1839இல் இவ்வழியே வந்து ஆறுகளுக்கு ஆங்கிலப் பெயர்களைச் சூட்டினார். மறு ஆண்டே ஜான் ஹாராக்ஸ் பென்வொர்தம் என்னும் குடியிருப்பை நிறுவினார். 1846இல் ஆய்வுப் பயணம் ஒன்றில், ஒட்டகம் அசைந்ததால் துப்பாக்கி வெடித்து, 28 வயதில் அவர் இறந்தார். கிளேர் நகரை நிறுவிய எட்வர்டு பர்ட்டன் கிளீசன், இந்தியாவில் சில காலம் இருந்துவிட்டு 1838இல் தென் ஆஸ்திரேலியாவுக்கு வந்த அயர்லாந்துக்காரர். தம் சொந்த மாவட்டத்தின் பெயரையே அவர் நகருக்கு இட்டார். ஆட்டு மந்தைகள் நீர்நிலைகளை ஆக்கிரமித்தபோது ஙாட்ஜுரி மக்களின் உணவும் வழிகளும் ஒருசேரப் பறிபோயின. பார்னி வாரியர் என்ற ஙாட்ஜுரிப் பெரியவர் தம் மக்களின் அறிவை 1940களின் முற்பகுதியில் மானிடவியலாளர் ரொனால்டு பெர்ண்ட்டிடம் எடுத்துரைத்தார். அந்த அறிவு எவ்வளவு பரந்தது என்பதை இன்று அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் அக்குறிப்புகளும் அடங்கும். ஆகவே, ‘ஆளற்ற பாதை’ என்னும் வருணனை இந்நிலத்தில் எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டிய ஒன்று.

திராட்சை இங்கு 1840களிலேயே வந்துவிட்டது. அதற்கு நிலையான அடித்தளமிட்டவர்களுள் இயேசு சபைத் துறவியர் முக்கியமானவர்கள். சைலீசியாவிலிருந்து புலம்பெயர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுடன் 1848இல் வந்த அருட்தந்தை அலோய்சியஸ் கிரானேவிட்டர், 1851இல் நிலம் வாங்கி, ரோமின் ஏழு குன்றுகளை நினைத்து அதற்குச் செவன்ஹில் என்று பெயரிட்டார். திருப்பலிக்கான ஒயினுக்காக அங்கு நடப்பட்ட கொடிகளின் வழிவந்த தோட்டம் நெடுங்காலம் இயேசு சபையிடமே இருந்தது.

ஆபர்ன் ஊரின் கதை வேறு வகையானது. 1845இல் பர்ராவில் செம்பு கண்டெடுக்கப்பட்டது. அத்தாதுவைப் போர்ட் வேக்ஃபீல்டு துறைமுகத்துக்குக் கொண்டுசென்ற மாட்டுவண்டிகள் தங்கிச்சென்ற இடமாகவே ஆபர்ன் வளர்ந்தது. பின்னர்த் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோவேறு கழுதைகளும் அவ்வழியே சுமை தூக்கின. 1860இல் அடிலெய்டிலிருந்து கபுண்டா வரை இரயில் வந்ததும் செம்பு அத்திசைக்குத் திரும்பியது. வளைகுடா வழி வெறிச்சோடியது. 1870இல் இருப்புப்பாதை பர்ராவையே எட்டியபோது கிளேர் பள்ளத்தாக்கை அது ஒதுக்கிவிட்டுச் சென்றது. சாலையால் வளர்ந்த ஊரை இரயில் ஒருமுறை கைவிட்டது. அந்த ஊருக்கே பின்னர் இரயில் வந்தது என்பதும், அதையும் சாலை வென்றது என்பதும் இவ்வரலாற்றின் முரண்.

ரிவர்ட்டனிலிருந்து கிளேர் வரையிலான கிளைப்பாதை 1918இல்தான் திறக்கப்பட்டது. 1922இல் அது ஸ்பால்டிங் வரை நீண்டு, அங்கேயே நின்றது. 1,600 மில்லிமீட்டர் அகலமுள்ள அப்பாதையில் ஒயினும் தானியமும் பயணிகளும் சென்றனர். ஆனால் இரயிலின் பொற்காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மோட்டார் லாரிகள் பெருகின. அரசின் இரயிலைச் சாலைப் போட்டியிலிருந்து காக்க, 1930இல் தென் ஆஸ்திரேலியா தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சட்டம் போட்டியைத் தாமதப்படுத்தியதேயன்றித் தடுத்துவிடவில்லை. அறுபது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற இரயில், அடுத்த அறுபது ஆண்டுகளில் தேய்ந்தது.

இறுதி அடி நெருப்பிலிருந்து வந்தது. 1983 பிப்ரவரி 16, கிறித்தவ நாட்காட்டியில் சாம்பல் புதன். அன்று விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் பரவிய காட்டுத்தீயில் 75 பேர் உயிரிழந்தனர். கிளேர் பள்ளத்தாக்கிலும் தீ புகுந்து இருப்புப்பாதையைச் சேதப்படுத்தியது. வருவாய் குறைந்த ஒரு கிளைப்பாதையைச் செப்பனிடுவது கட்டுப்படியாகாது என்று கருதப்பட்டு, 1984இல் அது மூடப்பட்டது. தீ ஒரு காரணமே. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டின் லாரிப் போக்குவரத்து இல்லாதிருந்தால் கருகிய குறுக்குக்கட்டைகள் மாற்றப்பட்டிருக்கும்.

உலகெங்கும் மூடப்பட்ட இருப்புப்பாதைகளுக்கு நேர்வது பெரும்பாலும் ஒன்றே. தண்டவாளம் பழைய இரும்பாக விற்கப்படும். நிலம் துண்டுதுண்டாக அண்டை உரிமையாளர்களிடம் சேரும். தொடர்ச்சியே ஒரு பாதையின் உயிர். நூறு மீட்டர் விற்கப்பட்டாலும் மீதிப் பல கிலோமீட்டர் பயனற்றுப் போகும். இழந்த தொடர்ச்சியை மீட்பது ஏறத்தாழ இயலாத செயல். இந்த ஆபத்தை உணர்ந்துதான், கிளேர் எரிந்த அதே 1983ஆம் ஆண்டில், அமெரிக்க நாடாளுமன்றம் தேசியத் தடங்கள் சட்டத்தைத் திருத்தியது. இரயில் ஓடாத தடங்களை எதிர்காலத் தேவைக்காகப் பாதுகாத்து, இடைக்காலத்தில் நடைபாதையாகப் பயன்படுத்த அத்திருத்தம் வழிசெய்தது. கிளேரில் அதற்கு இணையான பணியை உள்ளூர் ஒயின் உற்பத்தியாளர்களும் தன்னார்வலர்களும் அரசுத் துறைகளும் சேர்ந்து செய்தனர். தடத்தின் முதற்பகுதி 1994இல் திறக்கப்பட்டது. பின்னர் ஆபர்னிலிருந்து தெற்கே ரிவர்ட்டன் வரையிலும் பழைய தடம் மீட்கப்பட்டது. ஆபர்ன் இரயில் நிலையக் கட்டடம் இன்று ஒயின் சுவைக்கும் கூடம்.

தடத்தின் பெயரிலும் ஒரு வரலாறு உறைந்துள்ளது. ‘கிளேர் ரீஸ்லிங்’ என்ற பெயரில் நெடுங்காலம் பயிரிடப்பட்ட திராட்சை ரீஸ்லிங்கே அன்று. அது குரூஷென் என்ற வேறு பிரெஞ்சு வகை என்பதை 1976இல் பால் திரூயெல் என்ற பிரெஞ்சு வல்லுநர் உறுதிப்படுத்தினார். உண்மையான ரீஸ்லிங்கைக் கொண்டு தம் பெயரை நிலைநாட்டிய இப்பள்ளத்தாக்கினர், 2000ஆம் ஆண்டு அறுவடையில் மரத்தக்கையைக் கைவிட்டுத் திருகுமூடிக்கு ஒரு குழுவாக மாறி, உலக ஒயின் தொழிலின் கவனத்தை ஈர்த்தனர். தனித்தனியாகப் போட்டியிடுவோர் பொதுநலனில் ஒன்றுகூடும் பழக்கம் இங்கு இருந்தது. பலருடைய தோட்டங்களைக் கடந்து செல்லும் ஒரு பொதுப்பாதை அங்கு நிலைபெற்றதைப் புரிந்துகொள்ள இதுவும் உதவும்.

இத்தகைய பாதைகளை ‘சுற்றுலா வளர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவோர் அவற்றின் அடிப்படையைத் தவறவிடுகின்றனர். முதலீட்டாளர் ஒருவர் திராட்சைத் தோட்டம் வாங்கலாம், விடுதி கட்டலாம். பல ஊர்களை இணைத்து, மென்மையான சாய்வுடன், முறியாமல் செல்லும் ஒரு நிலப்பட்டையைச் சந்தையில் வாங்க முடியாது. பொதுப்பணத்தில் ஒரு தலைமுறை உருவாக்கியதை அடுத்த தலைமுறை விற்காமல் வைத்திருந்தால் மட்டுமே அது கிடைக்கும். 1992இல் தொடங்கிய ஒற்றை அகலப்பாதைத் திட்டத்துக்குப்பின் இந்தியாவிலும் சில இடங்களில் புதிய வழித்தடம் போடப்பட்டு, பழைய மீட்டர்பாதைத் தடம் கைவிடப்பட்டுள்ளது. அவற்றின் நிலம் யாரிடம் உள்ளது, தொடர்ச்சி எங்கே முறிந்தது, அதற்கு முன் அது யாருடைய நிலமாக இருந்தது என்னும் மூன்று கேள்விகளும் வரலாற்று மாணவர்கள் மாவட்ட ஆவணங்களில் தேடத் தக்கவை. கிளேரில் மூன்றாம் கேள்விக்கான விடை பிந்தியே எழுதப்படத் தொடங்கியது; முதலிரண்டுக்கும் உரிய நேரத்தில் விடை காணப்பட்டதால் அங்கு இன்று ஒரு பாதை இருக்கிறது.